க்ளிக் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்: கேனிஸ்டர், பர்ஜ் வால்வு கேள்வி-பதில்

போன முறை பர்ஜ் வால்வைப் பற்றி ரெண்டு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாதான் கேனிஸ்டர், அந்த ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் மின் வால்வுதான் பர்ஜ் வால்வு. வந்ததில் பாதிப் பேர் வண்டி என்ன வண்டி என்றே எழுதவில்லை. வண்டி, வருஷம், ஓடிய கிலோமீட்டர், ஸ்கேனரில் வந்த எரர் கோட், இந்த நாலும் இல்லாமல் "எஞ்சின் லைட் எரியுது சார்" என்று மட்டும் எழுதினால் நான் சோழி உருட்டித்தான் பார்க்கணும். எரர் கோடை எழுதி வைப்பதற்கு முன்னாலேயே அழித்துவிட்டு எழுதியவர்கள் தனி ரகம். அவர்களுக்குப் பதில் இல்லை.

திருப்பூர்: 2021 பெட்ரோல் ஹேட்ச்பேக், 38,000 கி.மீ. பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இருமிக்கொண்டே ஸ்டார்ட் ஆகும். ஃப்யூயல் பம்ப் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பம்பைத் தொட வேண்டாம். பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் வருகிற தகராறு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது திறந்தபடி மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வைத்தான். டேங்க் நிரம்பும்போது உள்ளே இருக்கும் ஆவி முழுக்க கேனிஸ்டருக்குத் தள்ளப்படும். வால்வு மூடியிருந்தால் அங்கேயே நிற்கும், மூடாவிட்டால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்கு நேராகப் போய்விடும். அப்புறம் செல்ஃப் அடித்தால் எஞ்சினுக்குக் காற்றைவிட ஆவிதான் அதிகம் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடுதல் காற்று வருவதால் பிழைத்துக்கொள்கிறது.

சோதிக்க அஞ்சு நிமிஷம் போதும். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, வால்வின் கரன்ட் கனெக்டரைக் கழற்றுங்கள். கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸையும் வால்விலிருந்து உருவிவிட்டு, வால்வின் அந்த முனையில் விரலை வையுங்கள். கரன்ட் இல்லாத பர்ஜ் வால்வு மூடித்தான் இருக்க வேண்டும், விரலை இழுத்தால் வால்வு போச்சு. கனெக்டர் மாட்டியிருக்கும்போது விட்டுவிட்டு இழுத்தால் அது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து எனக்கு எழுதாதீர்கள். மீட்டரில் காயில் 20-30 ஓம் காட்டியது, அதனால் வால்வு நல்லது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மீட்டர் காயிலைத்தான் பார்க்கும், உள்ளே வால்வு சரியாக உட்காருகிறதா என்று அதற்குத் தெரியாது. கழற்றிய வால்வை வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள் விழுந்தால் கேனிஸ்டருக்குள் இருக்கும் கரி உடைந்து வருகிறது என்று அர்த்தம், அப்போது புது வால்வும் ரொம்ப நாள் தாங்காது.

சேலம்: என் டீசல் எஸ்.யூ.வி.யில் பர்ஜ் வால்வு எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. டீசல் அப்படி ஆவியாகிற சரக்கு இல்லை.

தஞ்சாவூர்: பானெட்டுக்குள் டிக் டிக் டிக் என்று சத்தம். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, லைட் எதுவும் எரியவில்லை.

பர்ஜ் வால்வு வேலை செய்யும் சத்தம் அது. பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.

நியூ ஜெர்ஸி, எடிசன்: 2014 செடான். பி 0456 என்ற எரர் கோட் வருகிறது. ரெண்டு முறை பெட்ரோல் டேங்க் மூடி மாற்றியாயிற்று, 400 டாலருக்கு மேல் கொடுத்துக் கேனிஸ்டரும் மாற்றியாயிற்று. எரர் கோடை அழித்தால் ரெண்டு வாரம் கழித்துத் திரும்ப வருகிறது. அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன்.

ஸ்மோக் டெஸ்ட், அதாவது புகை விட்டு ஓட்டை தேடும் சோதனை, செய்தார்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. செய்திருக்க மாட்டார்கள், செய்திருந்தால் இத்தனை சாமான் மாற்றியிருக்க வேண்டாம். பி 0456 என்பது மிகச் சிறிய கசிவு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் ஓட்டை. பி 0442 என்றால் ஒரு மில்லிமீட்டர் அளவு, பி 0455 என்றால் பெரிய கசிவு. பெரிய கசிவைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம், மூடி கழன்றிருக்கும் அல்லது ஹோஸ் தொங்கும். அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பிடிக்க முடியாது. கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வரும் வழியான வென்ட் வால்வை மூடிவைத்து, அரை பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் புகையை விட்டால் ஓட்டை தானாகக் காட்டிக்கொடுக்கும். உங்கள் பக்கம் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிறார்கள் என்பதால் பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மூடி உட்காரும் விளிம்பில் துரு ஏறியிருந்தால் எத்தனை புது மூடி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அடுத்தது டேங்குக்கு மேலே பம்ப் உட்காரும் இடத்து ரப்பர் வளையம்.

ரெண்டு வாரம் கழித்து வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. டேங்க் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேலும் 85-க்குக் கீழும் இருக்கணும், வண்டி இரவு முழுக்க ஆறியிருக்கணும், வெளியே ரொம்பக் குளிரோ வெயிலோ இருக்கக் கூடாது, இதெல்லாம் கூடிவந்தால்தான் கம்ப்யூட்டர் அந்தச் சோதனையையே ஓட்டும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் ராத்திரி எரர் கோடை அழிக்கிற வேலை வேண்டாம். 2001-க்குப் பிந்தைய காரில் ஒரே ஒரு மானிட்டர், அதாவது கம்ப்யூட்டர் தானே ஓட்டிப் பார்க்கும் சோதனை, முடியாமல் இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள், ஆனால் நீங்கள் அழித்தால் எல்லா மானிட்டரும் சேர்ந்தல்லவா அழியும்.

இதே கார் சென்னையில் ஓடினால் இந்தக் கோட் வராதே ஏன் என்று ஒரு பின்குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஓடும் பெரும்பாலான கார்கள் பர்ஜ் வால்வின் மின்சுற்றைத்தான் கவனிக்கின்றன, ஓட்டை தேடுவதில்லை. அதனால் இங்கே கசிந்தால் முதலில் கண்டுபிடிப்பது நம் மூக்குதான்.

கனடா, ஸ்கார்பரோ: பெட்ரோல் மூடி லூஸாக இருந்தது, இறுக்கிவிட்டேன். மூன்று நாள் ஆகியும் லைட் அணையவில்லை. மைனஸ் 12 டிகிரி.

அந்தக் குளிரில் சோதனை ஓடாது. சோதனை ஓடி, தொடர்ந்து சில முறை தேறினால்தான் லைட் அணையும். காத்திருங்கள்.

மதுரை: ஃபுல் டேங்க் அடித்தால் ரெண்டு நாளைக்குக் காருக்குள் பெட்ரோல் வாடை. ஐடிலிங்கும் தடுமாறுகிறது. ஆட்டோ கட் ஆன பிறகும் ரெண்டு லிட்டர் போகும் என்பதால் அதையும் போட்டு ரவுண்டாக்குவது என் வழக்கம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு ஐயா, உண்டு! இதைப் பத்து வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பங்க்கில் நாஸில் 'க்ளிக்' என்று நிற்கிறதே, அது பங்க்காரர் உங்களை ஏமாற்றுவதற்காக வைத்தது இல்லை. நாஸில் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் ஏறி அந்தத் துளையை மூடியதும் விசை விடுபட்டு நின்றுவிடும். அதற்கு மேலே டேங்கில் இருக்கும் காலி இடம் வேண்டுமென்றே விட்டது. பெட்ரோல் சூட்டில் பெருகும், டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பூமிக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து 25 டிகிரியில் 40 லிட்டர் வாங்கிக்கொண்டு போய், சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தி அது 45 டிகிரிக்கு ஏறினால் முக்கால் லிட்டருக்கு மேல் பெருகிவிடும். அந்த முக்கால் லிட்டர் எங்கே போகும்? இடம் விட்டிருந்தால் டேங்கிலேயே நிற்கும். நீங்கள்தான் கழுத்து வரை ஊற்றிவிட்டீர்களே, அது ஆவி போகிற குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் திரவமாகவே இறங்கும். கேனிஸ்டரில் இருக்கும் கரி ஆவியைப் பிடித்து வைப்பதற்கானது. பெட்ரோலில் ஊறினால் அதன் வேலை கெட்டது, கொஞ்ச நாளில் நொறுங்கவும் ஆரம்பிக்கும். வாடை அடிப்பது அதனால்தான். ஐடிலிங் தடுமாறுவது எஞ்சின் அந்தப் பெட்ரோலை உறிஞ்சுவதால்.

என் ஷெட்டுக்கு வந்த ஒரு காரின் கேனிஸ்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன், அரை லிட்டர் மக் நிரம்பியது. ஓனர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பில் 6,000 ரூபாய்க்கு மேல் வந்தது, அவர் ரவுண்டாக்கியது முந்தின நாள் 140 ரூபாய்க்கு.

"2,860 ஆச்சு சார், மூவாயிரமா போட்டுடவா?" என்று கேட்பார்கள். சில்லறை இல்லாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது டீக்கடையிலேயே போனைக் காட்டி 12 ரூபாய் கொடுக்கிறோம், பங்க்கில் மட்டும் என்ன ரவுண்டு? மைலேஜ் பார்க்க டேங்க் டு டேங்க் அடிக்கிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன், ரெண்டு முறையும் அதே பங்க்கில் முதல் க்ளிக்கோடு நிறுத்தினாலே கணக்கு ஓரளவு சரியாக வரும். விளிம்பு வரை ஊற்றி, வண்டியை ஆட்டி, மறுபடி ஊற்றுவது மைலேஜ் சோதனை இல்லை.

உங்கள் வண்டிக்கு: டேங்க் பாதிக்குக் கீழே வரும் வரை ஓட்டுங்கள், ஒரு மாதம் க்ளிக்கோடு நிறுத்துங்கள். லேசாக நனைந்திருந்தால் எஞ்சின் உறிஞ்சி உறிஞ்சிக் காய வைத்துவிடும். அதற்குப் பிறகும் வாடை இருந்தால் கேனிஸ்டர் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஹோஸையும் ஊதிச் சுத்தம் செய்து, பர்ஜ் வால்வில் கரித்தூள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாடை இருக்கும் வரை வண்டியை மூடிய ஷெட்டில் நிறுத்த வேண்டாம்.

நாகர்கோவில்: பி.எஸ். 4 பைக், 150 சி.சி. மைலேஜ் ஏறும் என்று மெக்கானிக் கேனிஸ்டரைக் கழற்றி, ஹோஸில் ஸ்க்ரூ அடித்து அடைத்தார். இப்போது 15 கி.மீ. ஓடியதும் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது.

டேங்கின் மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொல்கிறீர்கள். பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே வர வேண்டும், வழி இல்லாவிட்டால் பெட்ரோல் வராது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே இழுக்கும் சத்தம் வந்து உடனே ஸ்டார்ட் ஆனால் இதுதான். சில வண்டிகளில் மூடி வழியாகவும் காற்று வரும், உங்களுடையதில் அந்த வழி இல்லை அல்லது அழுக்கில் அடைத்திருக்கிறது. கேனிஸ்டரை மறுபடி மாட்டுங்கள். மைலேஜ் என்று சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள்: வீணாகப் போகும் ஆவியைப் பிடித்து எஞ்சினுக்கே திருப்பிக் கொடுக்கும் டப்பாவைக் கழற்றினால் மைலேஜ் எப்படி ஏறும்? ஸ்க்ரூவை மட்டும் பிடுங்கிவிட்டு ஹோஸைத் தொங்கவிடவும் வேண்டாம், அது சைலன்ஸர் பக்கம் சொட்டினால் வேறு கதை.

வேலூர்: மூடியைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்கிறது. வெடிக்குமா?

வேலூர் வெயிலுக்கு அது இயல்பு. பலமாக உள்ளே இழுத்தால், அல்லது பங்க்கில் நாலு செகண்டுக்கு ஒரு முறை நாஸில் கட் ஆகிக்கொண்டே இருந்தால், வென்ட் பக்கம் அடைப்பு. சேறு, தூசி, குளவிக்கூடு எல்லாம் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், 2011-இல் அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டது சிலந்தியால்தான். பெட்ரோல் வாடைக்கு மயங்கும் ஒரு வகைச் சிலந்தி வென்ட் குழாயில் கூடு கட்டிக் காற்றை அடைத்துவிட்டது, அதனால் டேங்கில் விரிசல் விடலாம் என்ற பயம்.

ஊர் எழுதவில்லை: எவாப் (பெட்ரோல் ஆவி சிஸ்டம்) கோட் வருது. என்ன மாத்தணும்?

முதலில் கடிதத்தை மாற்றுங்கள்.

கரூர்: ஸ்மோக் மெஷினுக்குக் காசு எதற்கு? கம்ப்ரஸர் காற்றும் சாம்பிராணிப் புகையும் சேர்த்து டேங்கில் விட்டு லீக் பார்க்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.

கம்ப்ரஸரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும், இந்த சிஸ்டம் ஒரு பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது. விட்டால் லீக் இல்லாத இடத்திலும் லீக் வரும். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த டேங்குக்குப் பக்கத்தில் தணலோடு சாம்பிராணிக் கரண்டி வேறா? வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கல்லாப்பெட்டிக்குக் காட்டுங்கள். வண்டியை ஸ்மோக் மெஷின் இருக்கும் கடைக்குக் கொண்டு போங்கள், நண்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு.