காட்டுத் தடத்தில் வண்டி நின்றுவிட்டால்: கேள்வி பதில்

தார் ரோட்டை விட்டு இறங்கி நண்பர்களோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கேட்டவற்றில், வண்டி பழுதாகி நிற்பதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்த வண்டி வாங்கலாம், எந்த பூட்ஸ் நல்லது என்பதெல்லாம் இன்னொரு நாள். படிப்பதற்கு முன் ஒன்று: தடத்தில் நாம் செய்வது ரிப்பேர் இல்லை. வண்டியை லாரி வரக்கூடிய ஒரு ரோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. கீழே உள்ள பதில்கள் பலவும் பார்க்க அசிங்கமான வைத்தியங்களாக இருப்பதற்கு அதுவே காரணம்.

அண்ணா, நாலு பேர் கிளம்புறோம். எல்லாருக்கும் இதுதான் முதல் தடவை. என்னென்ன டூல்ஸ் எடுக்கணும்னு ஒரு லிஸ்ட் கொடுங்க.

லிஸ்ட் தரமாட்டேன் தம்பி. அதற்குப் பதிலாக ஒரு வேலை சொல்கிறேன். தடத்துக்கு எடுத்துப்போகும் பையை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள், செயினை இழுத்து வையுங்கள், கிளட்ச் லீவரை மாற்றிப் பாருங்கள். பையில் இல்லாத ஸ்பேனரைத் தேடி எத்தனை முறை எழுந்து போகிறீர்களோ, அவையெல்லாம் பைக்குள் போக வேண்டும். பையில் இருந்தும் கையே படாதவை வெளியே வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது பின்சக்கர அச்சு நட்டில்தான். 24, 27, 32 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி கொடுத்த கிட்டில் அதற்கான ஸ்பேனர் சில சமயம் இருக்காது.

பம்ப், பஞ்சர் கிட், எப்பாக்ஸி, இழுக்கும் பட்டை எல்லாம் குழுவுக்கு ஒன்று போதும். கிளட்ச் லீவர், பிளக், டியூப், செயின் லாக் (செயினின் இரு முனையையும் சேர்க்கும் கண்ணி) ஆகியவை அவரவர் வண்டிக்கு அவரவர் எடுத்துவர வேண்டும். ஒரு சின்ன வைஸ் கிரிப் (கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் பிளேயர்) கட்டாயம் இருக்கட்டும். கியர் லீவர் உடைந்தால் அந்தத் தண்டில் கடிக்கவிட்டால் அதுதான் கியர் லீவர். கேபிள் டை ஒரு கட்டு, கட்டுக்கம்பி கொஞ்சம். டேப்பை முழு உருளையாகத் தூக்காமல் பம்ப்பின் மேலேயே சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் டயர். காற்றைக் குறைத்தால் பிடிமானம் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி பஞ்சர். நண்பர் 30 பிஎஸ்ஐ வைக்கச் சொல்கிறார்.

முதலில் டியூபைப் பாருங்கள். ஒரே ஓட்டை என்றால் முள் அல்லது ஆணி. காற்றளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. அப்போதுதான் காற்றைக் கூட்ட வேண்டும். 30 பிஎஸ்ஐ வைத்தால் ஈரக் கல்லில் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். தடித்த டியூபும் ரிம் லாக்கும் (டயர் ரிம்மில் நகராமல் பிடிக்கும் பூட்டு) உள்ள, காட்டுத் தடத்துக்கென்றே செய்த லேசான என்டியூரோ வண்டிக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை ஓடும். 200 கிலோ எடையுள்ள வண்டிக்கு 22 முதல் 25 வரை வேண்டும். பாறை அதிகமான தடம் என்றால் மூன்று நான்கு கூட்டிக்கொள்ளலாம்.

ரிம் லாக் இல்லாமல் காற்றைக் குறைத்தால் வேறொரு வம்பு. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது டயர் ரிம்மின் மேல் நகரும், டியூபும் கூடவே நகர்ந்து வால்வு அடியோடு பிய்யும். அப்படிப் பிய்ந்த டியூபுக்கு ஒட்டுப் போட முடியாது. வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு ஒட்டி வையுங்கள். வால்வு சாய ஆரம்பித்தால் கண்ணில் படும், அன்றே சரிசெய்துவிடலாம்.

டயரைக் கழற்றி மாட்டுவதற்குள் உயிர் போகிறது சார். பலம் பத்தவில்லையா?

பலத்துக்கு இதில் வேலை குறைவு. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. நீங்கள் நெம்பும் பக்கத்துக்கு நேர் எதிரே டயரின் ஓரம் அந்தப் பள்ளத்தில் கிடக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்தி வைத்தால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். டயரை நெம்பும் லிவர் வளைகிற அளவுக்கு நெம்புகிறீர்கள் என்றால் எதிரே ஓரம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

ரிம்மில் ஒட்டிக்கிடக்கும் ஓரத்தை விடுவிக்க, சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் ஊன்றி, அந்த வண்டியை அந்தப் பக்கமாகச் சாயுங்கள். புது டியூபை உள்ளே தள்ளும் முன் டயரின் உள்பக்கம் முழுவதும் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டு, அதே முள்ளில் இரண்டாவது டியூபையும் பலி கொடுப்பவர்கள் ஏராளம். டியூபில் வடிவம் வருமளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து வைத்தால் முறுக்கிக்கொள்ளாது, லிவரிலும் மாட்டாது.

எல்லாரும் தனித்தனி அளவில் டியூப் சுமக்க முடியாவிட்டால் 21 அங்குல முன் டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு 18 அங்குலப் பின் டயரிலும் அது மடிந்து உட்காரும். மெதுவாக ஓட்டி வெளியே வந்துவிடலாம்.

ஓடையில் விழுந்துட்டேன் அண்ணா. தூக்கி நிறுத்தி உடனே செல்ஃப் அடிச்சேன். 'டக்'னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் சுத்தவே இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பழக வேண்டும்: தண்ணீரில் முங்கிய வண்டியின் ஸ்டார்ட்டரை யாரும் தொடக் கூடாது. காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது சுற்றவைத்தால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை இழுத்திருந்தால் சேதம் இன்னும் அதிகம். அதனால்தான் விழப்போகிறோம் என்று தெரிந்தவுடனேயே எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சை அழுத்தச் சொல்கிறோம்.

கரைக்கு இழுத்துவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டருக்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் வழி காய்ந்திருந்தால் தப்பித்தீர்கள். ஈரமாக இருந்தால் பிளக்கைக் கழற்ற வேண்டும். இரண்டு பேர் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிமிர்த்திப் பிடித்தால் சைலன்சரில் தேங்கியது கொட்டும். பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, பிளக் இல்லாமல், கிக்கரை மிதியுங்கள். கிக்கர் இல்லையென்றால் செல்ஃபை நிறுத்தி நிறுத்தி அடியுங்கள்; பிளக் இல்லாததால் இப்போது பயமில்லை. ஓட்டையிலிருந்து தண்ணீரோடு பெட்ரோல் ஆவியும் பீய்ச்சும். முகத்தை நேரே காட்டாதீர்கள். ஸ்பார்க் வரும் ஒயரை ஓட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல், பிளக்கோடு மாட்டித் தள்ளி, எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வையுங்கள். பீய்ச்சுவது நின்ற பிறகுதான் பிளக்கைத் துடைத்து மாட்டலாம். கார்புரேட்டர் வண்டி என்றால் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அதில் சேர்ந்த தண்ணீரையும் இறக்க வேண்டும். ஃபோம் ஃபில்டரை அமுக்கிப் பிழியுங்கள். துணி போல முறுக்கினால் கிழியும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் முழுதாக இறங்கும்.

கடைசியாக ஆயில். எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பால் கலந்த நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

உங்கள் வண்டியில் 'டக்' சத்தம் கேட்டிருப்பதால் என் யோசனை வேறு. பிளக்கைக் கழற்றிய பின் லேசாகச் சுற்றினாலும், ஸ்டார்ட் ஆனாலும், ஓட்டாதீர்கள். கொஞ்சமாக வளைந்த ராட் நன்றாக ஓடுவது போலவே இருக்கும்; பிறகு ஒருநாள் உடைந்து எஞ்சின் கேஸையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். கட்டி இழுத்துப்போய் எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள்.

சும்மா நிற்கும்போது சாய்ந்து விழுந்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் பிளக், ஃபியூஸ் எல்லாம் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் கில் சுவிட்ச்!

எல்லாக் குழுவிலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். இனிமேல் ஸ்பேனரை எடுக்கும் முன் கில் சுவிட்ச், நியூட்ரல், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். பிறகு சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஏனென்றால் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் உண்டு, சாவியைத் திருப்பினால்தான் அது விடும். சாவி போட்டவுடன் பெட்ரோல் பம்ப் 'ஸ்ஸ்ங்' என்று சில நொடி ஓடும் சத்தம் வருகிறதா? வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஹேண்டில்பார் கழுத்தில் தேய்ந்த ஒயர் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஓடும்போதே மூச்சுத் திணறுவது போல நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய் உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுக் குழாய் சேற்றால் அடைத்திருக்கிறது. ஊதிச் சுத்தம் செய்தால் முடிந்தது. அப்படி இல்லையென்றால் சூடானதும் செத்துப்போகும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மேல்தான் என் சந்தேகம். அதைத் தடத்தில் சரிசெய்ய முடியாது.

செயின் அறுந்தால் இரண்டு கண்ணியை எடுத்துவிட்டு மாட்டலாமா?

மாட்டலாம், ஜோடியாக எடுக்க வேண்டும்: அகலக் கண்ணி ஒன்று, குறுகிய கண்ணி ஒன்று. பின்சக்கரத்தை முன்னால் தள்ள இடம் இருந்தால் சரி. செயின் உடைக்கும் கருவியும் உங்கள் அளவுக்கான செயின் லாக்கும் கையில் இருக்க வேண்டும். 520 செயினின் கண்ணி இடைவெளி 15.875 மி.மீ., 428 செயினுக்கு 12.7 மி.மீ.; நண்பனிடம் கடன் வாங்கியது பொருந்தாமல் போகலாம். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாட்டும் முன் முன்பக்கப் பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த செயின் அங்கே சுருண்டு எஞ்சின் கேஸை உடைத்திருந்தால், செயினைவிட அதுதான் பெரிய பிரச்சினை.

நான் கொஞ்சம் உயரம் குறைவு அண்ணா, வண்டி கனம். கிளட்ச் கேபிள் அறுந்துபோனால் எப்படிக் கிளப்புவது?

இறக்கம் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, உருளவிட்டு, வேகம் வந்ததும் கியரை உறுதியாக மிதியுங்கள். தயங்கி மிதித்தால் பற்கள் கரகரக்கும். சமதரை என்றால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளட்டும், இதில் கூச்சமே வேண்டாம். மேல் கியருக்கு ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் மூடி லீவரைத் தூக்கினால் விழும். நிற்கும் முன் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். குழு உங்களுக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தின் நடுவில் யாராவது உங்கள் முன்னால் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்த பயணத்துக்கு முன் புதுக் கேபிளைப் பழைய கேபிளின் கூடவே ஓடவிட்டு, இரண்டு முனையையும் டேப் சுற்றி வையுங்கள். லீவரின் கிளாம்பையும் கையால் திருப்பினால் திரும்பும் அளவுக்கே இறுக்குங்கள். விழும்போது சுழன்றுகொடுக்கும், உடையாது.

கல் அடித்து எஞ்சின் கேஸில் ஓட்டை. முட்டையை உடைத்து ஊற்றினால் அடைக்கும் என்கிறார்களே?

அது ரேடியேட்டர் ஒழுகலுக்குச் சொல்லும் நாட்டு வைத்தியம், அதையும் நான் செய்யமாட்டேன். பிறகு உள்ளே வெந்து கிடப்பதை யார் சுரண்டுவது? எஞ்சின் கேஸுக்கு, பிசைந்து ஒட்டும் எப்பாக்ஸிதான். ஓட்டை மேலே வரும்படி வண்டியைச் சாய்த்தால் ஆயில் விலகும். பெட்ரோல் துணியால் துடைத்து, கல்லாலோ கத்தியாலோ சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ஓட்டையைவிட அகலமாக அழுத்துங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பெட்ரோல் டேங்க் கசிந்தால் குளியல் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம். ரேடியேட்டரில் ஒரு குழாய் மட்டும் பொத்திருந்தால் அதைப் பிளேயரால் நசுக்கி மூடிவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

நீண்ட இறக்கத்தில் பின் பிரேக் தொளதொளவென்று போய்விட்டது.

பெடலில் கால் வைத்தபடியே இறங்கியிருப்பீர்கள். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டது. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் இழுத்துப் பழசானால் 155-க்கே கொதிக்கும். ஆறும் வரை உட்காருங்கள், டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீதி இறக்கத்தை முதல் கியரில் எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆயிலை மாற்றுங்கள்.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது எப்படி? போன முறை இரண்டு பேரும் விழுந்தார்கள்.

ஹேண்டில்பாரில் கட்டியிருப்பீர்கள். முன்வண்டியின் கால்மிதியில் கட்டுங்கள். பின்வண்டியில் முடிச்சே போடாதீர்கள். இடது கால்மிதியில் ஒரு சுற்றுச் சுற்றி பூட்ஸால் மிதித்துப் பிடித்தால் போதும், காலைத் தூக்கினால் பட்டை கழன்றுவிடும். வலது கால் பின் பிரேக்குக்கு வேண்டும். லேசாகப் பிரேக் தொட்டுப் பட்டையை எப்போதும் விறைப்பாக வைத்திருப்பது பின்னால் வருபவரின் பொறுப்பு. தொய்ந்து பிறகு வெடுக்கென்று இழுபடும்போதுதான் விழுவார்கள்.

பின்னால் ஒருத்தன் நின்றுபோனால் முன்னால் போகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒருமுறை ஒரு மணி நேரம் தனியாக நின்றேன்.

உங்கள் குழுவில் வேகமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், குழுவாக ஓட்டுபவர்கள் இல்லை. தடம் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் தலைவருக்கு அடுத்து வருபவர் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும் வரை அவர் அசையக் கூடாது. கடைசி ஆள் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். வண்டி வேலை நன்றாகத் தெரிந்தவர் அந்த இடத்தில் இருப்பது நல்லது, பழுதான வண்டி எப்படியும் அவரிடம்தான் வந்து சேரும். மூன்று பேருக்குக் குறைவாகப் போகாதீர்கள்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கவும், ஒருவர் ஆள் கூட்டிவரவும் வேண்டும். பெட்ரோலை, இருப்பதிலேயே சின்ன டேங்க்கை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஒன்றுமே எடுத்து வராமல் எல்லாரிடமும் கடன் வாங்கும் நண்பரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழுவின் பம்ப்பை அவர் முதுகில் ஏற்றுங்கள்.

ரிப்பேர் பார்ப்பதை எப்போது விட வேண்டும்? வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா?

வரலாம். வேலையை ஆரம்பிக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் அத்தனை பேரும் வெளியே வரத் தேவையான நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் ரிப்பேருக்கு. குறித்த நேரம் வந்தால், 'இன்னும் ஒரே ஒரு போல்ட்டுதான்' என்றாலும் எழுந்துவிட வேண்டும். வண்டியைத் தடத்திலிருந்து தள்ளி, வெள்ளம் வராத மேட்டில், காய்ந்த புல் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஜிபிஎஸ் புள்ளியை இரண்டு பேர் போனிலாவது சேமியுங்கள், சுற்றுப்புறத்தைப் படம் எடுங்கள். கழற்றிய நட்டு போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே கட்டிவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு நண்பரின் பின்னால் ஏறி வாருங்கள்.