பழைய படங்கள் ஏன் பயமுறுத்துகின்றன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை என்று சில படங்கள் செல்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நிற்பவரின் காலுக்குப் பின்னால் ஓர் இரும்பு ஸ்டாண்ட் தெரிகிறது. கண்கள் வெளிறிக் கிடக்கின்றன. இறந்தவரை நிறுத்திவைத்து எடுத்தவை என்கிறார்கள். பார்த்த அன்று இரவு தூக்கமே வரவில்லை. இது உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்மையில்லை. அந்த ஸ்டாண்ட் உயிரோடிருப்பவர்களுக்காகவே செய்யப்பட்டது. பிரான்சில் லூயி தாகேர் தம் படமெடுக்கும் முறையை உலகறியச் செய்த 1839ஆம் ஆண்டில் ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தன. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் பாரிசின் பரபரப்பான தெரு ஒன்றை எடுத்த படத்தில் வண்டிகளும் மக்களும் அடியோடு மறைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. பிறகு சில ஆண்டுகளிலேயே அந்த நேரம் நொடிக்கணக்கில் சுருங்கியது என்றாலும், அந்தச் சில நொடிகளில் தலை சற்றே அசைந்தாலும் முகம் கலங்கிவிடும் என்பதால், பிடரியில் படும்படியான கவ்வி பொருத்திய ஸ்டாண்டை ஸ்டுடியோக்காரர்கள் பின்னால் நிறுத்தினார்கள். தலை ஆடாமல் பிடிக்க அது போதும். உயிரற்ற உடலின் பாரத்தை அது தாங்காது. ஆகவே காலருகே அதன் அடிப்பாகம் தெரிந்தால், நிற்பவர் உயிரோடிருந்தார் என்பதற்கே அது சான்று.

கண்களின் கதை வேறு. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் நீலத்தையும் ஊதாவையும் எளிதில் பதிவு செய்யும். சிவப்பை ஏறக்குறைய உணராது. அதனால் வெளிர்நீலக் கண்கள் படத்தில் வெள்ளையாகிவிடும். கன்னத்துச் சிவப்பும் முகத்துப் புள்ளிகளும் கறுத்துவிடும். நல்ல ஆரோக்கியமான இளம்பெண்கூட அந்தத் தகட்டில் பேயறைந்தவள்போலத் தெரிவாள். இந்தக் குறையை மறைக்கச் சிலர் கருவிழியைக் கையால் தீட்டியபோது, பார்வை இன்னும் விறைத்துப்போனது.

இறந்தவர்களைப் படமெடுக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது என்பது மெய்தான். ஆனால் பெரும்பாலும் அவர்களைப் படுக்கையிலோ சவப்பெட்டியிலோ கிடத்தி, குழந்தையானால் தாயின் மடியில் உறங்குவதுபோல வைத்து எடுத்தார்கள். குழந்தைச் சாவு மலிந்திருந்த காலத்தில், பெற்றோரிடம் அந்தப் பிள்ளையின் வேறு படமே இருந்திருக்காது. அதைத் திகில் படமென்று பரப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: குழந்தையின் பின்னால் துணி போர்த்திய உருவம் ஒன்று அமர்ந்திருக்கும் படங்களையும் பார்த்தேன். அது யார்?
– வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் தாய்; சில நேரம் செவிலிப்பெண். கைக்குழந்தை ஆடாமல் இருக்காதல்லவா? பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, படத்தில் குழந்தை மட்டும் தெரிய வேண்டுமென்று அவர்மீது திரைச்சீலையையோ விரிப்பையோ போர்த்தினார்கள். பிறகு படத்தைச் சட்டமிடும்போது, நடுவில் வெட்டிய அட்டை ஓரங்களை மறைத்துவிடும். இன்று அந்த அட்டை கழன்ற நிலையில் பார்ப்பதால்தான் முழு உருவமும் கண்ணில் படுகிறது. அடுத்த முறை பார்க்கும்போது துணியின் விளிம்பைக் கவனியுங்கள். சில படங்களில் அங்கிருந்து ஒரு கை வெளியே வந்து குழந்தையின் இடுப்பை இறுகப் பிடித்திருக்கும்.

அப்படியும் அச்சம் எழுவதற்குக் காரணம், மனித உருவம் இருக்கும் இடத்தில் நம் கண் முகத்தைத் தேடுவதுதான். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி, ஒரு ரோபோ, மனிதனை மிக நெருங்கி ஒத்திருந்தும் முற்றிலும் ஒத்திராதபோது நம் விருப்பம் சட்டென்று அருவருப்பாக மாறுகிறது என்று 1970இல் எழுதினார். அவர் பேசியது இயந்திரங்களைப் பற்றி. இந்தப் படங்களுக்கும் அது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவை இறந்தபின் மாலையிட்டு நாற்காலியில் அமர்த்தி, குடும்பத்தார் சூழ எடுத்த படம் எங்கள் வீட்டில் உள்ளது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அப்புறப்படுத்திவிடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம், அம்மா. தமிழ்நாட்டில் சென்ற நூற்றாண்டில் பல குடும்பங்களில் இப்படி எடுத்திருக்கிறார்கள்; மூடிய இமைகளின்மேல் திறந்த கண்களை ஸ்டுடியோவில் தீட்டித் தருவதும் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகம் பதிந்த ஒரே படமாகவும் அது இருக்கலாம். பிள்ளைகள் பயந்தால் கூடத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், வெயிலும் ஈரமும் படாத இடத்தில், அமிலமில்லாத காகித உறையிலிட்டு வையுங்கள். ஸ்கேன் செய்து ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, படத்தில் சுற்றி நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு உறையின்மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.