எல்எஸ்டி இருந்தும் வண்டி ஏன் சேத்துல மாட்டுது? கேள்வி பதில்

கிரவுன் (இஞ்சின் சுத்த ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியல்), கியர்பாக்ஸ் வேலைதான் நமக்கு, ஊரு தஞ்சாவூர் பக்கம். ஐப்பசி பொறந்துட்டா ஃபோர் வீல் டிரைவ் வண்டி வச்சிருக்கவங்க போன் நிக்கிறதில்ல, அதான் கேட்டதையெல்லாம் ஒண்ணா போட்டு பதில் சொல்லிடுறேன். எல்எஸ்டின்னா லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் தனியா வழுக்கி ஓடுறத ஓரளவு தடுக்குற கிரவுன்.

மன்னார்குடி: அண்ணே, பிக்கப்புல ஃபோர் எச் (ஃபோர் வீல் டிரைவ் ஹை) போட்டும் களத்துக்குப் போற பாதையில முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுதான் சுத்துது, நாலும் இழுக்க வேணாமா?

தம்பி, ஃபோர் எச் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் சேத்துப் பூட்டுது, அதோட அது வேலை முடிஞ்சுது. ஆக்சிலுக்குள்ள இருக்க சாதா கிரவுன் ரெண்டு பக்கமும் சரிபாதிதான் டார்க் (சுத்துற விசை) குடுக்கும், அதனால வழுக்குற சக்கரம் எவ்ளோ தாங்குதோ அவ்ளோதான் கெட்டித் தரையில நிக்கிறதுக்கும் கிடைக்கும். ஒரு கணக்குக்கு, சேத்துல கெடக்குறது 100 நியூட்டன் மீட்டர்லயே வழுக்குதுன்னா மேட்டுல நிக்கிறதுக்கும் 100தான், மொத்தமே 200, லோடு வண்டிக்கு அது எந்த மூலைக்கு. எல்எஸ்டில சக்கரத்துக்குப் போற சைடு கியருக்கும் அத மூடியிருக்க கிரவுன் கூட்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட் அடுக்கி ஸ்பிரிங் வச்சு அமுக்கியிருப்பான், ஒரு சக்கரம் தனியா ஓடப் பாத்தா பிளேட் உரசிப் பிடிக்கும், அந்தப் பிடி 300ன்னா முன்ன சொன்ன 100ம் சேந்து மேட்டு சக்கரத்துக்கு 400 போவும். முழுசா பூட்டாது, பேர்லயே லிமிடெட்னு இருக்குல்ல.

வேதாரண்யம்: எங்க வண்டில பிளேட் இல்லயாம், கியர் டைப் எல்எஸ்டியாம். வாய்க்கா கரையில ஒரு பின்சக்கரம் தொங்கிப்போச்சு, அசையவே இல்லண்ணே.

அசையாது. அந்த டைப்பு வழுக்குற பக்கம் தாங்குறத ரெண்டரை மூணு மடங்காக்கி அடுத்த பக்கம் தள்ளும், அந்தரத்துல தொங்குற சக்கரம் தாங்குறது பூஜ்யம், பூஜ்யத்த எத்தனையால பெருக்குனாலும் பூஜ்யம்தான. ஹேண்ட் பிரேக்க ரெண்டு மூணு பல்லு மட்டும் இழுத்துகிட்டு மெதுவா ஆக்சிலேட்டர் குடுத்துப் பாருங்க, தொங்குற சக்கரத்துக்கு பிரேக் ஒரு சுமை மாதிரி ஆயிடும், அப்ப அந்தப் பக்கம் டார்க் போவும். கரை இடியுற மாதிரி இருந்தா இதெல்லாம் வேணாம், டிராக்டர் வச்சு இழுத்துடுங்க.

கும்பகோணம்: கிரவுன் ஆயில் மாத்துனதுலேர்ந்து திரும்பும்போது பின்னாடி கடகடன்னு அதிருது சார்.

பிளேட் டைப்பா இருக்கும். வெறும் ஜிஎல்-5 கியர் ஆயில் ஊத்தியிருப்பாங்க, ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட் உரசுறத மெத்துன்னு ஆக்க ஆயில்ல சேக்குறது) கலக்கலைன்னா பிளேட் விட்டு விட்டுப் பிடிக்கும், அதான் சத்தம். கம்பெனி மேனுவல்ல சொன்ன அளவு கலந்து, காலி மைதானத்துல எட்டு போட்டு மெதுவா ஓட்டுங்க, அப்பவும் நிக்கலைன்னா கழட்டிப் பாக்கணும்.

பட்டுக்கோட்டை: பழைய வண்டி வாங்கப்போறேன், எல்எஸ்டி இருக்கான்னு எப்டி பாக்குறது?

முன்சக்கரத்துக்குக் கட்டை வைங்க, பின்னாடி ரெண்டையும் ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க, நியூட்ரல்ல வச்சு ஒரு சக்கரத்த கையால சுத்துங்க. அடுத்தது எதிர்ப்பக்கம் சுத்துனா சாதா கிரவுனா இருக்கும், பிளேட்டு தேஞ்ச எல்எஸ்டியாவோ கியர் டைப் எல்எஸ்டியாவோ கூட இருக்கலாம். அதே பக்கம் சுத்துனா பிளேட் பிடிக்குதுன்னு அர்த்தம். ஒரே சக்கரத்த தூக்கிட்டு இஞ்சின் போட்டு கியர் தட்டிப் பாக்குற வேலை மட்டும் வேணாம், எல்எஸ்டி இருந்தா வண்டி ஜாக்கியிலேர்ந்து குதிச்சு ஓடிரும்.

திருவாரூர்: தம்பி, டிராக்டர்ல குதிகாலால மிதிப்போமே ஒரு பெடல், அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லீங்கய்யா, அது டிஃப் லாக், ரெண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியாக்கிடும். ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப்புல முன்னாடியும் பின்னாடியும் அப்டி லாக் வருது. மாருதி ஜிம்னில வழுக்கிச் சுத்துற சக்கரத்த பிரேக்கே பிடிச்சுக்கும். நம்ம சம்பா வயல் சேத்துக்கு லாக்குதான் சரி, எல்எஸ்டி மழைல ரோட்டுக்கும் கப்பி ரோட்டுக்கும் நல்லாருக்கும். ஆனா டிராக்டர்ல பண்ற மாதிரிதான், சக்கரம் வேகமா சுத்தும்போது லாக் போடாதீங்க, லாக்கோட ஒடிச்சுத் திருப்பாதீங்க. அப்பறம் ரோட்டு டயரோட இருந்தா பட்டன் இடுக்குல களி அப்பி நாலும் மொழுமொழுன்னு ஆயிடும், அதுக்கு மேல லாக் போட்டும் நாலு சக்கரமும் ஒண்ணா வழுக்கும். எல்எஸ்டிக்குக் காசு வச்சிருந்தா மொதல்ல டயர மாத்துங்கய்யா.