காணி வழக்குக்கு அப்பீல் போடுற நாள் தப்பிப்போச்சு, இனி ஏதும் செய்யலாமோ?

யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில தீர்ப்பு வந்து மூண்டு மாசமாச்சு, நான் கனடாவில நிண்டதால அப்பீல் போடேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். வழி இருக்கு, ஆனா லேசில்லை. நான் சட்டத்தரணி இல்லை, அப்பான்ர ஒழுங்கை வழக்கோட வருஷக்கணக்கா கோட்டடிக்கு அலைஞ்சவன், அந்த அனுபவத்தில சொல்லுறன்.

எங்களைக் கவுத்தது நாள் கணக்குத்தான். தீர்ப்பு வந்தா 14 நாளுக்குள்ள அதே கோட்டில அப்பீல் நோட்டீஸ் குடுக்கோணும், இதில தீர்ப்பு நாளையும் ஞாயிறு, போயா மாதிரி அரச விடுமுறையளையும் கழிச்சு எண்ணலாம் (சனி கழியாது). பிறகு அப்பீல் மனு, அது 60 நாளுக்குள்ள, அதுவும் தீர்ப்பு நாளில இருந்து, நோட்டீஸ் குடுத்த நாளில இருந்து இல்லை. இந்த 60 க்குள்ள ஞாயிறும் சேரும் போயாவும் சேரும்.

அப்பா சங்கக்கடை மனேஜரா இருந்தவர், கணக்கில அவரை வெல்லேலாது எண்டு அவருக்கே ஒரு எண்ணம். குசினிச் சுவரில தொங்கின கலண்டரில சிவப்புப் பேனையால ஒவ்வொரு நாளா இலக்கம் போட்டுக்கொண்டு வந்தவர், 14 க்கு ஞாயிறை விட்டு எண்ணினவர் 60 க்கும் அப்பிடியே விட்டு எண்ணிப்போட்டார். சட்டத்தரணி கடைசித் திகதி சொன்னவர்தான், "அவர் பயத்தில முந்திச் சொல்லுறார், காசு பிறகு குடுப்பம்" எண்டு இவர் இருந்திட்டார். கலண்டரில 58 எண்டு எழுதின அண்டைக்குக் காசோட போனம், சட்டத்தரணின்ர கிளாக்கர் எங்களுக்கு முன்னாலயே விரல் விட்டு எண்ணினார், 69. ஒம்பது ஞாயிறு, ரெண்டு போயா. அப்பா திண்ணையில இருந்தவர் எழும்பேல்லை.

மனுவில வேற பிழை, விடுபாடு எண்டால் மற்றப் பக்கத்துக்குப் பெரிசாப் பாதிப்பு இல்லாட்டி கோட்டு மன்னிக்கலாம், சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 759 ஆம் பிரிவில அப்பிடி இருக்கு, ஆனா கால எல்லையை அதிலயே விலக்கி வச்சிருக்கு. பிந்தினவைக்கு இருக்கிறது 765 ஆம் பிரிவு. உங்கட கைக்கு மிஞ்சின காரணத்தால தவறினது எண்டும், அப்பீலுக்கு நல்ல நியாயம் இருக்கெண்டும் காட்டோணும், அதோட இடைக்குள்ள நடந்த எதாலயும், இப்ப தீர்ப்பைக் கிளறினா வெண்டவருக்கு அநியாயமாப் போகக்கூடாது. கொழும்பில ஒரு சட்டத்தரணியிட்டக் கேட்டனாங்கள், "எண்ணிப் பிழைச்சது கைக்கு மிஞ்சின காரணமோ தம்பி?" எண்டு திருப்பிக் கேட்டார், நாங்கள் பேசாம பஸ் ஏறி வந்திட்டம். சீராய்வு மனு, அதாவது தீர்ப்பைத் திரும்பப் பாத்துத் திருத்தச் சொல்லி மேல்கோட்டிட்டக் கேக்கிறது எண்டும் ஒண்டு இருக்கு, ஆனா அதுக்கு விசேஷ காரணம் காட்டோணும், பிந்தின ஒவ்வொரு கிழமைக்கும் பதில் சொல்லோணும்.

உங்களுக்கு, கனடாவில நிண்டனான் எண்டது மட்டும் எடுபடாது எண்டுதான் நினைக்கிறன், ஏன் எண்டால் இஞ்ச உங்களுக்கு சட்டத்தரணி இருந்தவர், அற்றோணித் தத்துவமும் ஆரிட்டயோ இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில கிடந்தனியள் மாதிரி ஏதும் இருந்தா துண்டுகளை இப்பவே எடுங்கோ. ஆனா அதுக்கு முதல் இஞ்ச நிக்கிற ஆரையும் அனுப்பி வழக்குக் கோவையைப் பாக்கச் சொல்லுங்கோ, சிலவேளை உங்கட சட்டத்தரணி நோட்டீசாவது குடுத்திருப்பார். மற்றப் பக்கம் தீர்ப்பை நிறைவேத்த எழுத்தாணை எடுத்து, அதை நிறைவேத்துற கோட்டு உத்தியோகத்தர் பிஸ்காலைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு வரமுந்தி அதைச் செய்யுங்கோ. எங்களுக்கு வந்தவை, ஒரு காலமைப் பொழுதுக்குள்ள கதியால் எல்லாம் பிடுங்கி முடிச்சிட்டினம்.