புதுக் கார், 15,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். ஓட்டுவதில் கோளாறா, வண்டியில் கோளாறா?

கழற்றின பேட் நாலையும் (முன் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு) கேட்டு வாங்கிப் பாருங்கள். குப்பையில் போட்டுவிட்டோம் என்பார்கள், விடாதீர்கள். கிலோமீட்டரைச் சொல்லி வாதாடினால் "அது ஓட்டுறதைப் பொறுத்து சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். செருப்புத் தேய்ந்த விதத்தைப் பார்த்து நடையைச் சொல்வது மாதிரி, பேடைப் பார்த்தே பாதிக் காரணம் சொல்லிவிடலாம்.

நாலும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஓட்டுவதும் ரோடும்தான் காரணம். மதுரை நெரிசலில் கோரிப்பாளையம், சிம்மக்கல், காளவாசல் என்று தினமும் போய் வருகிறவருக்கும், திருச்சி நாலுவழிச் சாலையிலேயே ஓடுகிறவருக்கும் ஒரே கணக்கு வராது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம் தேயும். அதில் இடது காலைச் சும்மா பிரேக் மேலேயே வைத்திருப்பவர்கள் வேறு இருக்கிறார்கள்.

கொடைக்கானல் போய் வருவீர்களா? வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். 1,200 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்குவது, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே வண்டியை நூறு தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை என்ஜின் தாங்கும். நியூட்ரலில் உருட்டினால் ஏறக்குறைய மொத்தமும் பிரேக் தலையில். பெட்ரோலும் மிச்சமாகாது, இன்றைய வண்டிகள் கியரில் இறங்கும்போது எரிபொருளை நிறுத்திவிடும்.

ஒரு பேட் மட்டும் தேய்ந்து மற்றவை நன்றாக இருந்தால் கதையே வேறு. என் வண்டியில் அதுதான் நடந்தது. வலது பக்கம் இரண்டு பேடும் பாதிக்கு மேல் இருந்தன. இடது பக்கம் வெளிப் பேட் பரவாயில்லை. உள் பேட் தகடு தெரிகிற அளவுக்குப் போயிருந்தது. பேடை டிஸ்கோடு அழுத்துகிற காலிப்பர் உள்ளும் வெளியும் நகர்வதற்கு ஸ்லைடு பின் என்று இரண்டு உண்டு. அதில் ஒன்று கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. காலை விட்டாலும் பேட் டிஸ்கை விட்டு விலகவில்லை. காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்காமல் நின்றாலும் இப்படி ஆகும்.

"ஹேண்ட் பிரேக்கை எடுக்காம ஓட்டியிருப்பீங்க சார்" என்றும் என்னிடம் சொன்னார்கள். ஹேண்ட் பிரேக் நம் ஊர்க் கார்களில் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். முன் பேட் தேய்ந்ததற்கு அதைக் காரணம் சொன்னால், சொல்கிறவர் வண்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டிலேயே ஒரு சோதனை: அதிகம் பிரேக் போடாமல் ரிங் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நிறுத்தினதும் நாலு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில்தான் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாரன்டி விஷயம்: பேட் தேய்மானப் பொருள், பொதுவாகக் கிடைக்காது. காலிப்பர் அப்படியில்லை. அதனால் "பேட் தேய்ந்தது" என்று புகார் எழுத விடாதீர்கள். "இடது முன் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடிக்கிறது, காலிப்பரைச் சோதிக்கவும்" என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் வேலையைக் குறிக்கும் தாளில்) எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் காலிப்பர் வேலை வாரன்டியில் ஆனது, பேடுக்கு மட்டும் காசு கட்டினேன்.