டப்பாவ திருப்பிப் பாருங்க, முன்பக்கம் சொல்றது விளம்பரம்

கேள்வி: எனக்கு 34 வயசு, எடை குறைய வயித்த சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் ஆகுது. மல்டிவிட்டமின், கால்சியம், இரும்பு மூணும் கண்டிப்பா போடணும்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனா பிராண்டு எதுவும் எழுதித் தரல. "பேரியாட்ரிக்"னு, அதாவது எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணவங்களுக்குன்னு, பேர் போட்ட மாத்திரை சாதாரண மல்டிவிட்டமின விட பல மடங்கு விலையா இருக்கு. நிஜமாவே அதுல ஏதாவது இருக்கா, இல்ல அந்தப் பேருக்குத்தான் காசு கொடுக்கறேனா?

பதில்: ரெண்டும்தாங்க. பேருக்கும் காசு வாங்குறாங்க, உள்ள சரக்கும் பல சமயம் கூடவே இருக்கு. ஆனா எந்த டப்பாவுல சரக்கு இருக்குங்கறத அந்தப் பேர வச்சு சொல்ல முடியாது. அமெரிக்காவுலயே சப்ளிமெண்ட் விக்கறதுக்கு முன்னாடி எஃப்.டி.ஏ.கிட்ட (உணவு, மருந்த கண்காணிக்கற அரசு அமைப்பு) அனுமதி வாங்கணும்னு கிடையாது, அதனால முன்பக்கம் பெருசா போட்ருக்கறத பாத்துட்டு வச்சிடுங்க, பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்கே அந்தக் கட்டம், அதத்தான் படிக்கணும்.

சாதாரண மல்டிவிட்டமின் முழு வயிறு இருக்கறவங்கள மனசுல வச்சு பண்ணது. உங்களுக்கு இப்ப வயித்துல அமிலமும் கம்மி, சாப்பிடற அளவும் கம்மி, அதனால லேபிள்ல "100 சதவீதம்"னு இருந்தாலும் அது உங்களுக்கான 100 இல்ல. அமெரிக்க பேரியாட்ரிக் சர்ஜரி டாக்டர்கள் சங்கம் 2016ல புதுப்பிச்ச வழிகாட்டில இருக்கற அளவுகள சொல்றேன், ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. மாதவிடாய் வர்ற பெண்களுக்கு இரும்பு ஒரு நாளைக்கு 45லருந்து 60 மில்லிகிராம், இது எல்லா மாத்திரையும் சேத்து வர்ற மொத்தக் கணக்கு. பி12 குறைஞ்சது 350 மைக்ரோகிராம், வாயில போடறதா இருந்தா. தயமின், அதாவது பி1, குறைஞ்சது 12 மில்லிகிராம், 50 இருந்தா இன்னும் நல்லது. விட்டமின் டி3 3000 ஐ.யு., சில லேபிள்ல இதையே 75 மைக்ரோகிராம்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான், பயந்துடாதீங்க. அப்புறம் காப்பர், இத யாரும் பாக்கறதே இல்ல, ஸ்லீவுக்கு 1 மில்லிகிராம், பைபாஸ்னா (வயித்த சின்னதாக்கி, குடல்ல ஒரு பகுதிய தாண்டி இணைக்கற ஆபரேஷன்) 2. ஜிங்க் அதிகமா போட்டு காப்பர் இல்லாம விட்டா ஜிங்க் காப்பர உடம்புல சேர விடாது, அதனால முடி கொட்டுதேன்னு தனியா ஜிங்க் வாங்கி போடறவங்க கொஞ்சம் கவனமா இருங்க. இதெல்லாம் பொதுவான அளவு, உங்க டாக்டர் ரத்த ரிப்போர்ட்ட பாத்து வேற சொன்னா அதுதான் உங்களுக்கு.

இப்ப அந்தப் பேப்பர வச்சுகிட்டு ரெண்டு டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. முதல்ல "ஒரு சர்விங்"னா எத்தன மாத்திரைன்னு பாக்கணும், ஏன்னா நிறைய பேர் ஏமாறறது இங்கதான், கட்டத்துல எல்லாம் பிரமாதமா இருக்கும், மேல பாத்தா சர்விங்னா நாலு மாத்திரைன்னு இருக்கும், அப்ப 120 மாத்திரை டப்பா நாலு மாசத்துக்கு வராது, ஒரே மாசம்தான். அடுத்து, சாதாரண மல்டிவிட்டமினோட தனியா இரும்பு, தனியா பி12, தனியா டி3ன்னு சேத்தா மாசத்துக்கு மொத்தம் எவ்ளோ ஆகுதுன்னு கூட்டுங்க. பல சமயம் விலை வித்தியாசம் நீங்க நினைச்ச அளவு இருக்காது. எனக்கு கேட்டா, தினமும் அஞ்சு டப்பா திறக்கப் பொறுமை இருக்கறவங்க தனித்தனியா வாங்கலாம், இல்லாதவங்க சேந்து இருக்கறத வாங்கலாம், விட்டுப்போன மாத்திரைதான் எல்லாத்தையும் விட வீண் செலவு. காசு மிச்சம் பண்றேன்னு சாதாரண மல்டிவிட்டமின இஷ்டத்துக்கு மூணு நாலுன்னு போட்டுடாதீங்க, விட்டமின் ஏ உடம்புல தங்கிடும். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா இத டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, விட்டமின் ஏ ரெட்டினாலா இல்லாம பீட்டா கரோட்டினா இருக்கறத தருவாங்க.

கேள்வி: பைபாஸ் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி."னு போட்ட மாத்திரை ரெண்டு தினமும் போடறேன், ஆகமொத்தம் 2000 ஆச்சு. இப்ப டயட்டீஷியன் கால்சியம் பத்தலங்கறாங்க. எப்படிங்க?

பதில்: உங்க கணக்குல தப்பில்ல, லேபிள் எழுதின விதம் அப்படி. சிட்ரேட்ல கால்சியம் 21 சதவீதம்தான், மீதி எல்லாம் சிட்ரேட். அப்ப 1000ல கிட்டத்தட்ட 210, ரெண்டு போட்டா 420. உங்களுக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 1200லருந்து 1500. லேபிள்ல "எலிமெண்டல் கால்சியம்"னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க, அந்த நம்பர்தான் நிஜம். சில கம்பெனி நேரா எலிமெண்டல் அளவையே முன்னாடி போட்டுடறாங்க, சிலர் பெரிய நம்பரா தெரியட்டும்னு சிட்ரேட்டும் சேந்த மொத்த எடைய போடறாங்க, படிச்சு பாத்தாத்தான் தெரியும்.

கார்பனேட்ல 40 சதவீதம் கால்சியம், விலையும் கம்மி, அப்ப அதுக்கு மாறிடலாமேன்னு தோணும். ஆனா அது கரைய அமிலம் வேணும், பைபாஸ்ல வயித்துப் பைல அமிலமே பேருக்குத்தான் இருக்கு, அதுவும் அசிடிட்டி மாத்திரை வேற போடறவரா இருந்தா சுத்தம். சிட்ரேட்ட சாப்பாட்டோட போட்டாலும் வெறும் வயித்துல போட்டாலும் சேரும், இதுக்கு கூட கொடுக்கற காசு வீண் இல்லைங்கறது என் அபிப்பிராயம். ஒரே நேரத்துல 500, 600க்கு மேல உடம்பு எடுத்துக்காது, அதனால நாளுக்கு மூணு தடவையா பிரிச்சுக்கங்க. இரும்பு மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும், ரெண்டும் சேந்து போனா ஒண்ண ஒண்ணு தடுக்கும். தைராய்டு மாத்திரை போடறீங்கன்னா அதுக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவுல நாலு மணி நேரம். ஆமா, இதுக்கு போன்ல அலாரம் வைக்காம முடியாது, நானும் ஒத்துக்கறேன்.

இரும்புலயும் இதே கதைதான். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி.ன்னா உள்ள இருக்கற இரும்பு சுமார் 65.

கேள்வி: மாத்திரை முழுங்கவே முடியல, "கம்மி"ன்னு (gummy) ஜெல்லி மிட்டாய் மாதிரி வர்றத வாங்கலாமா? தோல்ல ஒட்டற பேட்ச் கூட விக்கறாங்களே?

பதில்: அந்த ஜெல்லி வகைல பெரும்பாலும் இரும்பு இருக்காது, தயமின் கூட பலதுல இல்ல. உங்களுக்கு முக்கியமா வேண்டிய ரெண்டே விட்டுப்போகுது. மெல்லற மாத்திரை, பொடி, திரவம்னு இருக்கு, அதுல தேடுங்க. பேட்ச நம்பி மாத்திரைய நிறுத்தற அளவுக்கு ஆதாரம் இல்ல, அந்தக் காச வேற எதுக்காவது வச்சுக்கங்க. "டைம் ரிலீஸ்"னு போட்டதும் வேண்டாம், மெதுவா கரைஞ்சு முடியறதுக்குள்ள அது சத்து உறிஞ்சற இடத்த தாண்டிப் போயிடும்.

முழுங்க முடியலன்னு சொன்னீங்களே, அது வாந்தியாவும் இருந்தா கடைக்குப் போக வேண்டாம், டாக்டர்கிட்ட போங்க. தயமின் உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும், விடாம வாந்தி எடுத்தா அது காலியாகி மூளைய பாதிக்கற அளவுக்கு போகலாம். இது மாத்திரை மாத்தி சரி பண்ற விஷயமில்ல.

கேள்வி: முடி கொட்டுதுன்னு பயோட்டின் (ஒரு வகை பி விட்டமின்) 10,000 மைக்ரோகிராம் வாங்கிட்டேன். ஒரு வருஷத்துக்கான மல்டிவிட்டமினும் ஆஃபர்ல வருது, எடுத்துடலாமா?

பதில்: ஆபரேஷனுக்கு அப்புறம் மூணாவது மாசத்துலருந்து முடி கொட்டறது வேகமா எடை குறையறதால வர்றது, பெரும்பாலும் தானா நின்னுடும், நிக்கலன்னா இரும்பு, ஜிங்க், புரோட்டீன் அளவ பாக்கணும். பயோட்டினோட வேற ஒரு வம்பு இருக்கு, அதிக டோஸ் தைராய்டு, மாரடைப்புக்கு பாக்கற டிரோபோனின் டெஸ்ட் ரிசல்ட்டையே தப்பா காட்டிடும், எஃப்.டி.ஏ. 2017லயே எச்சரிச்சுது. ரத்தம் கொடுக்கப் போறப்ப இத போடறேன்னு லேப்ல சொல்லுங்க.

ஒரு வருஷ ஆஃபர் வேண்டாம். முதல் வருஷத்துல 3, 6, 12 மாசத்துல ரத்தப் பரிசோதனை இருக்கும், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் டோஸ் மாறலாம், மாறினா மீதி டப்பாவெல்லாம் அலமாரில எக்ஸ்பைரி ஆகும். ரெண்டு மாசத்துக்கு வாங்குங்க, முதல் டப்பா ருசியும் மணமும் ஒத்துக்குதான்னு பாத்துட்டு மிச்சத்த வாங்கலாம்.