வாசகர் கேள்வி: அம்மாவின் கண்ணில் ஏன் ஊசி?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, 15 வருஷமாக சுகர். விடியக்காலையில் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். இப்போது விளைந்த காய் எது, பிஞ்சு எது என்றே தெரியவில்லை என்கிறார். விழித்திரையில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, எதிர்ப்பு சக்திப் புரதங்களுக்கும் அதில் பங்கு உண்டு, ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். எதிர்ப்பு சக்தி நல்லதுதானே? பக்கத்து வீட்டு அக்கா அதைக் கூட்டும் பொடி ஒன்று தந்திருக்கிறார், கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: பொடியை முதலில் சொல்லிவிடுகிறேன், கண்ணுக்காக என்று அதைக் கொடுக்க வேண்டாம். அம்மாவின் கண்ணில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. பல வருஷமாக அடங்காமல் விழித்துக்கொண்டே இருக்கிறது, அதுதான் தொல்லை.

உடம்பிலேயே ஆக்சிஜன் அதிகம் கேட்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே நின்றால் அங்குள்ள நுண்ணிய குழாய்களின் சுவர் கெடும். உடனே டி.என்.எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 பீட்டா மாதிரியான புரதங்கள் சுரக்கும். ‘இங்கே சேதம், வா’ என்று ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதிதான் இவை. சேதி கேட்டு வரும் வெள்ளை அணுக்கள் அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ள, தலைமுடியை விட மெல்லிய குழாய் என்பதால் அங்கங்கே அடைத்தும் போகும், அடைப்புக்கு அப்பால் உள்ள விழித்திரைக்கு மூச்சு முட்டும்.

மூச்சு முட்டிய விழித்திரை வி.இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது. பட்டினி கிடக்கும் விழித்திரையிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து குழாய்களை வளர்க்கிறது என்று கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன் 1948-லேயே ஊகித்திருந்தார். 1994-ல் நோயாளிகளின் கண் திரவத்தை அளந்தபோது, புதுக்குழாய் முளைத்த கண்களில் இந்தப் புரதம் மிகுந்திருந்தது. இன்டர்லூகின்-6 அதை இன்னும் சுரக்கத் தூண்டும், இன்டர்லூகின்-8 நேரடியாகவே குழாய்களை வளர்க்கும். வி.இ.ஜி.எஃப் பதிலுக்கு மேலும் வெள்ளை அணுக்களை இழுக்கும். இப்படி ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே போகிறது. எல்லாச் சேதியும் அப்படி இல்லை, இன்டர்லூகின்-12 குழாய் வளர்ச்சியைத் தடுக்கிற பக்கம்.

சரி, புதுக்குழாய் வந்தால் ரத்தம் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் அவை அவசரத்தில் முளைத்த பலவீனமான குழாய்கள். கசியும், உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், பிறகு தழும்பாகி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

ஊசி அந்த வி.இ.ஜி.எஃப்-ஐத்தான் பிடித்துக் கட்டுகிறது. மருந்தின் வேகம் சில வாரங்களில் தணிந்துவிடும், அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கும், அதனால்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள். என் பெரியம்மா மூன்றாவது ஊசியில் பார்வை தெளிந்ததும் போவதை நிறுத்திவிட்டார், சில மாதத்தில் ஒரு கண் முழுக்க ரத்தம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கூலி போகிறதே என்று உங்கள் அம்மா ஒரு தவணையைத் தள்ளிப்போட நினைத்தால் தயவுசெய்து விடாதீர்கள். லேசரும் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். விழித்திரை வீங்கியிருந்து இந்த ஊசிக்கு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி உண்டு, அது பல சேதிகளை ஒன்றாக அடக்கும், ஆனால் கண் அழுத்தமும் புரையும் வரலாம். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வராமல் எந்த ஊசியும் முழுசாகக் காப்பாற்றாது. திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, சுகரே இல்லை. அவருக்கும் இதே ஊசி போடுகிறார்கள், ஏன்?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வயதால் வரும் மாகுலா சிதைவாக இருக்கும் (மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி), டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் குழாய்கள் விழித்திரைக்கு அடியிலிருந்து முளைக்கின்றன, அவற்றை வளர்ப்பதும் வி.இ.ஜி.எஃப்-தான், அதனால்தான் இதே ஊசி. கிருமிகளை அழிக்க ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்துக்குக் கடிவாளம் போடுவது ‘ஃபேக்டர் எச்’. அதன் மரபணுவில் உள்ள ஒரு சிறு மாற்றம் இந்த நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். அப்பா பீடி பிடிப்பவர் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், புகை இந்த நோயை நிச்சயம் மோசமாக்கும். அப்புறம், தினமும் ஒரு கண்ணை மூடி மற்றதால் ஜன்னல் கம்பியைப் பார்க்கட்டும், நேர்க்கம்பி வளைந்து தெரிந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.